குதிரைக்குப் பதில் மாணவர்கள் இழுத்த வண்டி! மைசூர் வாத்தியார் ராதாகிருஷ்ணன் பற்றி இதெல்லாம் தெரியுமா?

மைசூரு என்றால் நமக்கு அரண்மனை, தசரா யானை, சாமுண்டி மலை, திரும்பும்போது கால் கிலோ மைசூர்பாகு. அதே ஊரில், ஜே.எல்.பி. சாலையில், மகாராஜா கல்லூரி என்று ஒரு பழைய கல்லூரி இருக்கிறது. 1918-ல் அங்கே தத்துவப் பேராசிரியராக வந்து சேர்ந்தார் நம் திருத்தணியில் பிறந்த ஒருவர். வயது முப்பதைத் தொட்டிருந்தது. மூன்று வருஷம்தான் இருந்தார். அப்புறம் பாருங்கள்... கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு, காசி, பாரிஸ், மாஸ்கோ, கடைசியில் ராஷ்டிரபதி பவன்!

அவர் சிறைக்குப் போனதில்லை. காங்கிரஸ் பாசறையில் வளர்ந்ததில்லை. தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டதில்லை. பாடம் நடத்தியே நாட்டின் முதல் குடிமகன் ஆன சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு? செப்டம்பர் 5 அன்று படத்துக்கு மாலை போடுகிறோமே, அந்தப் படத்துக்குப் பின்னால் எத்தனை கதைகள் தெரியுமா?

அவர் தத்துவம் படித்ததே ஓசிப் புத்தகத்தால்தான்!

ஆமாம்! சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது எந்தப் பாடம் எடுப்பது என்று அவருக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. படிப்பை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவன் தன் தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தான். புத்தகச் செலவு மிச்சம். பாடமும் முடிவாகிவிட்டது! அப்பா வீராசாமி, ஜமீனில் சின்ன வருவாய்த் துறை உத்தியோகஸ்தர். வீட்டு நிலைமைக்குப் புத்தகம் இலவசமாகக் கிடைத்ததே பெரிய விஷயம். அந்த இலவசப் புத்தகங்கள் பின்னாளில் இந்தியத் தத்துவத்தை மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தன என்றால் சும்மாவா?

செப்டம்பர் 5 அவருடைய உண்மையான பிறந்த நாள்தானா?

இங்கேதான் வேடிக்கை! சான்றிதழ்படி அவர் பிறந்தது 1888 செப்டம்பர் 5. ஆனால் சரியான தேதி 1887 செப்டம்பர் 20 என்று ராதாகிருஷ்ணனே நம்பினார். சொல்பவர் யாரோ அல்ல, அவருடைய ஒரே மகன், வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கோபால். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை 1989-ல் எழுதி வெளியிட்டவர் இவர்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதே பிறந்த தேதி என்றிருந்த காலம் அது. ஆசிரியர் தினத்துக்குக்கூட அந்தத் தேதிதான் நிலைத்துவிட்டது!

அவர் பிறந்த ஊர் மாநிலம் விட்டு மாநிலம் போய்த் திரும்பி வந்தது தெரியுமா?

அவர் பிறந்தபோது திருத்தணி சென்னை ராஜதானியில் இருந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. முதலானோர் எல்லைப் போராட்டம் நடத்தினார்கள். 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி மறுபடி நம் பக்கம். அப்போது மாநிலங்களவைத் தலைவர் யார்? துணைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனேதான்! தான் பிறந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம், தான் தலைமை தாங்கும் அவை வழியாகவே போவதைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சைதாப்பேட்டையில் மாணவராக உட்கார்ந்தவர், மாணவர்களுக்கே பாடம் எடுத்தார்!

1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை கிடைத்தது. வேலை நிலைக்க வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சி முடித்தாக வேண்டும். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். உளவியல் பாடத்தில் அவருக்கு இருந்த தேர்ச்சியைப் பார்த்த பேராசிரியர், நீங்கள் வகுப்புக்கு வர வேண்டாம், உங்கள் தோழர்களுக்கு நீங்களே விளக்கிச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாராம். 1912-ல் அவர் பெயரில் உளவியல் அடிப்படைகள் பற்றி ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகமும் வந்துவிட்டது. அதன்பின் சர்க்கார் உத்தியோகம் எங்கெங்கோ இழுத்தது. 1916-ல் அனந்தப்பூர், 1917-ல் ராஜமுந்திரி. அடுத்த வருஷம்தான் மைசூர்.

அவர் வந்தபோது மைசூர் பல்கலைக்கழகத்துக்கு வயது இரண்டு!

மைசூர் பல்கலைக்கழகம் தொடங்கியது 1916 ஜூலை 27-ல். இந்தியாவின் ஆறாவது பல்கலைக்கழகம். அதைவிடப் பெரிய பெருமை, ஒரு சமஸ்தானம் தன் சொந்த முயற்சியில் தொடங்கிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். அதற்கு முந்தியவை எல்லாம் வெள்ளைக்கார ஆட்சிப் பகுதிகளில் இருந்தவை. வேந்தர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், பின்னணியில் திவான் எம். விஸ்வேஸ்வரய்யா. முதலில் அதன் கீழ் இருந்த கல்லூரிகள் இரண்டே இரண்டு: மைசூர் மகாராஜா கல்லூரி, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி.

புது இடம் என்றால் பழைய வழக்கங்கள் காலைக் கட்டாது. ராதாகிருஷ்ணனுக்கு அது வாகாகப் போனது. அதே கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தவர் எம். ஹிரியண்ணா. இந்தியத் தத்துவத்தைப் பற்றி 1932-ல் அவர் எழுதிய நூல் இன்றைக்கும் பாடப் புத்தகம். இந்தியத் தத்துவத்தை ஆங்கிலத்தில் உலகுக்குச் சொன்ன இரு பெரிய பெயர்கள் ஒரே கல்லூரியில், ஒரே காலத்தில்! அந்த வருஷங்களில் அங்கே படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்ட திவானுக்கு 1955-ல் பாரத ரத்னா. அங்கே வந்து பாடம் நடத்திய பேராசிரியருக்கு அதற்கு முந்தைய ஆண்டே பாரத ரத்னா!

மைசூரில் இருந்தபடியே லண்டனைத் திரும்பிப் பார்க்கவைத்தார்!

மைசூர் வந்த அதே 1918-ல் தாகூரின் தத்துவம் பற்றி அவர் எழுதிய நூலை மாக்மில்லன் வெளியிட்டது. 1920-ல் அடுத்த நூல். ஐரோப்பியத் தத்துவவாதிகளின் வாதங்களில் அவர்கள் சார்ந்த மதம் எப்படிச் சத்தமில்லாமல் நுழைந்துகொள்கிறது என்று கேள்வி கேட்ட நூல் அது! அடிமை நாட்டில், ஒரு சமஸ்தானக் கல்லூரியில் உட்கார்ந்து, கடல் கடக்காத ஒரு வாத்தியார் எழுதியது. அப்போது அவர் ஐரோப்பாவையே பார்த்ததில்லை. முதல் முறை போனது 1926-ல்தான். ஆள் போவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே புத்தகம் போய்விட்டது!

எழுதுவதற்கு அவருக்கு மேஜை நாற்காலிகூட வேண்டாமாம். கட்டிலில் சாய்ந்தபடி, சுற்றிலும் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு எழுதுவதுதான் வழக்கம். தூதர் ஆனபிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் படுத்துக்கொண்டு படித்தால் திட்டுகிறோமே!

அந்த வண்டிக் கதை தெரியுமா?

இதுதான் மைசூர்க் கதைகளில் உச்சம். 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. புறப்படும் நாள். ஸ்டேஷனுக்குப் போக வண்டி வந்தது. வண்டி முழுக்கப் பூ அலங்காரம். ஆனால் நுகத்தடியில் குதிரை இல்லை! குதிரை இருக்க வேண்டிய இடத்தில் மாணவர்கள் நின்றார்கள். பேராசிரியரை உட்காரவைத்து, ரயில்வே ஸ்டேஷன் வரை தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மைசூர் ராஜாக்களின் ஊர். தசரா ஊர்வலத்தில் மகாராஜா அம்பாரியில் வருவதைப் பார்த்தே வளர்ந்த ஊர். அங்கே ஊர்வலம் என்றால் அது அரசருக்கு உரியது. சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு வாத்தியாருக்கு, எந்த உத்தரவும் இல்லாமல், மாணவர்கள் தாங்களாக எடுத்த ஊர்வலம் அது. அப்போது அவரிடம் பதவி கிடையாது, பட்டம் கிடையாது. 'சர்' பட்டம் வந்ததே 1931-ல்தான். இன்றைக்குத் தலைவர்களுக்குக் கூடும் கூட்டத்தையும் இந்தக் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவரிடமிருந்து இனி எதுவும் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தே, ஊரைவிட்டுப் போகிற ஆளுக்காகக் கூடிய கூட்டம் இது! பின்னாளில் நாடு அவருக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் இந்த மாணவர்கள் கொடுத்ததற்குப் பிறகு வந்தவைதான்.

கல்கத்தாவில் ஒரு 'டேலண்ட் ஸ்கவுட்' இருந்தார்!

அவர் பெயர் ஆசுதோஷ் முகர்ஜி. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி, பல்கலைக்கழகத் துணைவேந்தர். திறமை எங்கே இருந்தாலும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். 1917-ல் அரசுக் கணக்குத் துறையில் நல்ல சம்பளத்தில் இருந்த சர் சி.வி. ராமனை, அப்போது வெறும் ராமன், பேராசிரியர் ஆக்கினார். 1921-ல் ராதாகிருஷ்ணனை ஐந்தாம் ஜார்ஜ் பெயரிலான தத்துவப் பீடத்தில் உட்காரவைத்தார். இந்தியாவில் தத்துவத்துக்கு அதைவிடப் பெரிய நாற்காலி அப்போது கிடையாது.

1954-ல் பாரத ரத்னா முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன். மூன்று பேருமே நம் பழைய சென்னை ராஜதானிக்காரர்கள்! அதில் இரண்டு பேரைப் பேராசிரியர் நாற்காலிக்குக் கொண்டுவந்தவர் ஒரே வங்காளி!

இரண்டு மைசூர் வாத்தியார்கள், ஒரே நாற்காலி, மாறி மாறி!

இந்தக் கதை தெரிந்தவர்கள் குறைவு. கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி என்று ஒருவர். சித்தூர்க்காரர், கேம்பிரிட்ஜில் படித்தவர், மைசூர் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர், பிறகு சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவர். வேலையை விட்டுவிட்டு சென்னைக்கு வந்து அரசியலில் இறங்கினார். 1923 நவம்பரில் பனகல் அரசர் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சென்னை சட்டசபை கண்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம்! தீர்மானம் தோற்றது. ஆனால் வாத்தியாரின் பெயர் சட்டசபை வரலாற்றில் ஏறிவிட்டது.

1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதன் முதல் துணைவேந்தர் ஆனவர் ரெட்டி. 1931-ல் அவருக்குப் பின் வந்தவர் ராதாகிருஷ்ணன். 1936-ல் ராதாகிருஷ்ணன் விலகியதும் மறுபடி வந்தவர்? ரெட்டியேதான்! மைசூரில் பாடம் நடத்திய இருவர், அந்தப் பல்கலைக்கழகம் இருந்த வால்டேரில் நாற்காலியை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அவர் கோர்ட் படி ஏறியதும் உண்டு!

பெரியவர்கள் வாழ்க்கையில் பூமாலை மட்டுமா இருக்கும்? 1929-ல் ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகள் ராதாகிருஷ்ணனின் 'இந்தியத் தத்துவம்' இரண்டாம் தொகுதியில் இடம்பெற்றுவிட்டன என்று 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் எழுதி, கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் போனார். குற்றச்சாட்டை மறுத்த ராதாகிருஷ்ணன் பதிலுக்கு அவதூறு வழக்குப் போட்டார். 1933-ல் இரு தரப்பும் கோர்ட்டுக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன. ஆசிரியர் தின மேடைகளில் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் நாற்காலி பிடித்த முதல் இந்தியர்!

1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கீழைச் சமயங்களுக்கான ஸ்பால்டிங் பேராசிரியர் பதவி. அங்கே பேராசிரியர் பீடத்தில் உட்கார்ந்த முதல் இந்தியர் இவர்தான். நம்மை ஆண்டவர்களின் பிள்ளைகளுக்கு நம் உபநிடதத்தை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மொழியிலேயே நடத்தினார்! 1952 வரை அந்தப் பதவியை விடவில்லை. இடையில் தூதர் ஆனபிறகும், வருஷத்தில் கொஞ்ச காலம் ஆக்ஸ்ஃபோர்டு போய்ப் பாடம் நடத்திவிட்டு வர நேருவிடம் அனுமதி வாங்கிக்கொண்டார். தூதரகத்தையும் பார்த்துக்கொண்டு வகுப்பும் எடுத்த தூதர் வேறு யாராவது உண்டா, சொல்லுங்கள்!

காசியில் சம்பளம் வேண்டாம் என்றார். பல்கலைக்கழகத்தைப் போர் மருத்துவமனை ஆகாமல் காத்தார்!

1939-ல் மதன் மோகன் மாளவியா உடல் தளர்ந்த நிலையில், காசி இந்துப் பல்கலைக்கழகத்தைப் பார்த்துக்கொள்ள ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டார். ஒப்புக்கொண்டார், சம்பளமில்லாமல். கல்கத்தாவில் பேராசிரியர் வேலையையும் விடவில்லை. ரயிலேறிக் காசிக்கும் கல்கத்தாவுக்கும் போய்வந்தபடி இரண்டையும் பார்த்தார்.

1942 ஆகஸ்ட். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் மாணவர்கள் கொதித்தார்கள். வளாகத்துக்குள் படை நுழைந்தது. இதையே சாக்காக வைத்துப் பல்கலைக்கழகத்தைப் போர் மருத்துவமனையாக்கும் யோசனை மாகாண அரசுக்கு. ராதாகிருஷ்ணன் தில்லிக்கே போய்ப் பேசி அதைத் தடுத்தார். கொடி பிடித்துச் சிறைக்குப் போகாதவர்தான். ஆனால் போராடிய பிள்ளைகள் திரும்பி வந்து படிக்க ஓர் இடம் மிச்சமிருக்க வேண்டுமே என்று நின்றவர் அவர்.

சுதந்திர நள்ளிரவில் கடிகாரத்தைப் பார்த்துப் பேசியவர் யார் தெரியுமா?

1947 ஆகஸ்ட் 14 இரவு. அரசியல் நிர்ணய சபை. நேருவின் புகழ்பெற்ற பேச்சு எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் என்ன நடந்தது? மணி பன்னிரண்டு அடிக்கும்போது உறுப்பினர்கள் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். முன்னாலேயே பேச்சு முடிந்துவிட்டால் சபை சும்மா உட்கார்ந்திருக்கும். நீண்டுவிட்டால் முகூர்த்தம் தப்பிவிடும்! அந்த இடைவெளியைக் கச்சிதமாக நிரப்ப நேரு தேர்ந்தெடுத்த ஆள் ராதாகிருஷ்ணன். பன்னிரண்டு வரை பேசிக்கொண்டிருங்கள், மணி அடிக்கும்போது நிறுத்துங்கள் என்பதுதான் ஏற்பாடு. குறிப்புத் தாள் இல்லாமலே பேசி நிறுத்தினார். பெல் அடிக்கும் நொடியில் வகுப்பை முடித்துப் பழகிய வாத்தியாரை விட்டால் இந்த வேலைக்கு வேறு யார்?

ஸ்டாலின் கன்னத்தைத் தட்டியவர்!

1949-ல் நேரு அவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். தத்துவப் பேராசிரியரைக் கம்யூனிஸ்ட் நாட்டுக்கா என்று பலருக்கும் ஆச்சரியம். அவருக்கு முன் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஸ்டாலினின் பேட்டியே கிடைக்கவில்லை. ராதாகிருஷ்ணனுக்கு 1950 ஜனவரியில் கிரெம்ளினிலிருந்து அழைப்பு வந்துவிட்டது!

போன இடத்தில் என்ன பேசினார் என்கிறீர்கள்? வெற்றிக்குப் பின் வாளைத் துறந்த அசோகனின் கதையைச் சொல்லி, நீங்களும் அப்படிச் செய்யலாமே என்கிற தொனியில் பேசினாராம். தானும் இளமையில் இறையியல் பள்ளியில் படித்தவன்தான் என்று ஸ்டாலின் நினைவூட்டினாராம். 1952 ஏப்ரலில் விடைபெறப் போனபோது ஸ்டாலினின் கன்னத்தைத் தட்டி, முதுகில் தடவிக்கொடுத்தார். தன்னை மனிதனாக நினைத்து நடத்தியவர் என்று ஸ்டாலின் நெகிழ்ந்துபோனதாகச் சொல்வார்கள். உலகமே நடுங்கிய ஆளை, கடைசி பெஞ்சு மாணவனைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொடுத்திருக்கிறார்!

மாவோவையும் விடவில்லை!

1957-ல் துணைக் குடியரசுத் தலைவராகச் சீனா போனார். வரவேற்க வந்த மாவோவின் கன்னத்திலும் ஒரு தட்டு! மாவோ திகைத்து நின்றபோது, ஸ்டாலினுக்கும் போப்பாண்டவருக்கும்கூட இதையேதான் செய்தேன் என்று சொல்லிச் சமாளித்தாராம். அந்தப் பயணத்தில் கூட இருந்த நட்வர் சிங் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார்.

இரண்டு முறையும் எதிர்த்துப் போட்டியிட ஆளே இல்லை!

1952-ல் இந்தியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர். போட்டியின்றித் தேர்வு. 1957-லும் போட்டியின்றித் தேர்வு. பத்து வருஷம் மாநிலங்களவையை நடத்தினார். சத்தம் கூடினால் ஒரு சமஸ்கிருத சுலோகம், ஒரு சின்ன நையாண்டி... அவை அடங்கிவிடும். 1962 மே 13-ல் குடியரசுத் தலைவர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் உட்பட உலகத்து அறிஞர்கள், ஒரு தத்துவவாதி நாட்டுத் தலைவர் ஆனதைக் கொண்டாடினார்கள்.

உட்கார்ந்த நாற்காலி என்னவோ சுகமானது இல்லை. அவருடைய ஐந்து வருஷத்தில் இரண்டு போர்கள், இரண்டு பிரதமர்களின் மரணம். நேரு, குல்சாரிலால் நந்தா, சாஸ்திரி, மறுபடி நந்தா, இந்திரா காந்தி என்று பிரதமர் நாற்காலி மாறிக்கொண்டே இருந்தது. 1962 சீனப் போரில் நாம் அடிவாங்கியபோது, அரசு எளிதில் நம்பி ஏமாந்தது, அசட்டையாக இருந்தது என்று தன் சொந்த அரசையே கடிந்துகொண்டார். 1967 குடியரசு தினச் செய்தியிலும் நிர்வாகத் திறமையின்மையைக் குத்திக்காட்டினார். ரப்பர் ஸ்டாம்ப் என்று யார் சொன்னது?

மைசூர் மகாராஜாவை நமக்குக் கவர்னராக அனுப்பியவர்!

இதைப் படித்தால் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். 1918-ல் ராதாகிருஷ்ணனுக்குச் சம்பளம் கொடுத்தது மைசூர் சமஸ்தானம். நால்வடிக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் அவருடைய தம்பி மகன் ஜெயசாமராஜ உடையார். இவரும் மகாராஜா கல்லூரியில் படித்தவர்தான். 1964-ல் அவர் சென்னை மாநில ஆளுநர் ஆனார். நியமன உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் குடியரசுத் தலைவர். அதாவது, சமஸ்தானத்தில் சம்பளம் வாங்கிய பழைய வாத்தியார்! வாத்தியார் ஒருவர் வாரிசு மகாராஜாவுக்கு வேலை போட்டுக் கொடுத்த விந்தையைக் குடியரசு செய்து காட்டியது.

அதே 1964-ல் பத்மபூஷண் பெற்ற ஆர்.கே. நாராயணும் மகாராஜா கல்லூரி மாணவர்தான். நாராயண் பட்டம் பெற்றது 1930-ல். அவர் கல்லூரிக்கு வருவதற்குள் ராதாகிருஷ்ணன் கல்கத்தா போய்விட்டார். வகுப்பில் சந்திக்காத வாத்தியாரும் மாணவரும் பத்மபூஷண் காகிதத்தில் சந்தித்துக்கொண்டார்கள்!

1965 இந்தி எதிர்ப்பில் அவர் பங்கு தெரியுமா?

நம் ஊர் பற்றி எரிந்த மாதம் அது. 1965 பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மொழிக் கொள்கையை எதிர்த்து ராஜினாமா செய்தார்கள். பிரதமர் சாஸ்திரி ராஜினாமாக்களை ஏற்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்து அனுப்பிவிட்டார். ராதாகிருஷ்ணன் கையெழுத்துப் போடவில்லை! கொஞ்சம் யோசியுங்கள் என்று திருப்பிச் சொன்னார். சாஸ்திரியும் இறங்கிவந்தார். ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். அமைச்சர்கள் பதவியில் நீடித்தார்கள். அதே சி.எஸ்.தான் உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டவர். தெற்கின் மனநிலை தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்ததற்கு நாம் கொடுத்துவைத்திருந்தோம்.

பாடம் நடத்திய குடியரசுத் தலைவர்கள் எத்தனை பேர்!

அவருக்கு அடுத்து வந்த ஜாகிர் உசேன், ஜாமியா மில்லியாவைக் கட்டி வளர்த்த கல்வியாளர். பிரணாப் முகர்ஜி கல்லூரியில் பாடம் எடுத்தவர். அப்துல் கலாம் அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து ராஷ்டிரபதி பவனுக்குப் போனார். 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். திரௌபதி முர்மு ஒடிசாவின் ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்.

மைசூர்ப் பக்கமும் அந்த மண்வாசனை விட்டுப்போகவில்லை. மகாராஜா கல்லூரியில் படித்த எஸ்.எம். கிருஷ்ணா, பெங்களூரில் சட்டப் பேராசிரியராக இருந்து முதலமைச்சராகி, வெளியுறவு அமைச்சரும் ஆனார். மைசூரில் வக்கீலாக இருந்துகொண்டே சட்டம் கற்பித்த சித்தராமையா, 2013-லும் 2023-லும் கர்நாடக முதலமைச்சராகப் பதவியேற்றார்.

கடல் தாண்டினால் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதை! கானாவை விடுதலைக்கு அழைத்துச்சென்ற குவாமே நுக்ருமா பள்ளி ஆசிரியர். மாலியின் மோதிபோ கெய்ட்டா ஆசிரியர். செனகலின் முதல் அதிபர் லெயோபோல்ட் செங்கோர், பிரான்ஸில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கே பாடம் நடத்தியவர். அந்தச் செங்கோர் 1974-ல் சென்னைக்கு வந்து, ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசிவிட்டுப் போனார்! காரணம் தேட வேண்டியதில்லை. அடிமைப்பட்ட நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன், நாலு பேர் முன் நின்று பேசத் தெரிந்தவன், ஊரார் நம்புகிறவன் என்றால் அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான். அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

ஆசிரியர் தினத்தைக் கேட்டு வாங்கியவர்!

1962-ல் குடியரசுத் தலைவர் ஆனதும் மாணவர்களும் நண்பர்களும் பிறந்த நாள் கொண்டாட அனுமதி கேட்டார்கள். எனக்கு விழா வேண்டாம், அந்த நாளை ஆசிரியர்களுக்கான நாளாகக் கொண்டாடினால் பெருமைப்படுவேன் என்றார். உலக ஆசிரியர் தினம் அக்டோபர் 5. அதை யுனெஸ்கோ தொடங்கியது 1994-ல்தான். நாம் முப்பது வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டோம்! அதே யுனெஸ்கோவின் நிர்வாகக் குழுத் தலைவராக 1940-களின் கடைசியில் இருந்தவரும் ராதாகிருஷ்ணன்தான்.

இன்றைக்குப் பல்கலைக்கழகங்கள் கைநீட்டி நிற்கிற யு.ஜி.சி.கூட, 1948–49-ல் அவர் தலைமை தாங்கிய கல்வி ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து வந்ததுதான். மாதக் கடைசியில் பேராசிரியர்கள் சம்பளக் கணக்குப் பார்க்கும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

நோபல் கிடைக்கவில்லை, ஆனால்...

இலக்கியத்துக்கும் அமைதிக்கும் அவர் பெயர் பத்துக்கு மேற்பட்ட முறை நோபல் குழுவுக்குப் பரிந்துரையானது. கிடைக்கவில்லை. 1968-ல் சாகித்ய அகாதெமியின் ஃபெலோஷிப் பெற்ற முதல் ஆள் அவர்தான். 1975-ல் டெம்பிள்டன் பரிசு, அதைப் பெற்ற முதல் கிறிஸ்தவர் அல்லாதவர். அதே ஆண்டு ஏப்ரல் 17-ல் சென்னையில் காலமானார்.

குடியரசுத் தலைவர் பதவி முடிந்து அவர் திரும்பி வந்தது மயிலாப்பூர் 'கிரிஜா' இல்லத்துக்கு. அந்த வீடு இருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலைதான் இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. சிக்னலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நாம் சலித்துக்கொள்கிற அதே ரோடு!

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்று புரியும். பதவிகள் அவரைத் தேடி வந்தன என்பார்கள். வந்தது உண்மை. ஆனால் எந்தப் பதவி வந்தபோதும் வகுப்பை அவர் முழுசாக விடவில்லை. காசிக்குப் போனபோது கல்கத்தா வகுப்பு, மாஸ்கோவுக்குப் போனபோது ஆக்ஸ்ஃபோர்டு வகுப்பு. அவை நடத்தியபோதும் நாட்டை நடத்தியபோதும் கையாண்டது வகுப்பறைப் பழக்கத்தைத்தான். நேரத்துக்குப் பேசு, நேரத்துக்கு நிறுத்து, தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல், பயந்தவனையும் பயமுறுத்துகிறவனையும் ஒரே மாதிரி தட்டிக்கொடு.

அடுத்த தடவை மைசூர் போனால், அரண்மனை விளக்குகளைப் பார்ப்பதற்கு முன் பகலிலேயே மகாராஜா கல்லூரிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். கல்லூரிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர்போல இருக்கும். கூடவே, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கதைகளில் ரெண்டைச் சொல்லிக்கொண்டே நடங்கள். செப்டம்பர் 5 பேச்சுப் போட்டிக்குப் பாயின்ட் கிடைத்த மாதிரியும் ஆயிற்று!